அக்காவின் தகிடுதத்தம்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு வெள்ளைப் பீங்கான் பலகையை வைத்திருக்கிறேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை, மொத்தம் பன்னிரண்டு ஆழமில்லாத குழிகள். ரத்தப் பரிசோதனை லேபுகளில் இதை டைல் என்பார்கள். குழிக்கு ஒரு சொட்டு மருந்து, ஒரு சொட்டு ரத்தம். இரண்டையும் குச்சியால் கலக்கி, டைலைக் கையில் எடுத்து இரண்டு நிமிடம் மெதுவாக ஆட்டினால் ஒருவருடைய ரத்தம் எந்த குரூப் என்று தெரிந்துவிடும். இந்த டைலின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. உடைந்த இடம் மட்டும் மெருகில்லாமல் சுண்ணாம்புக் கட்டிபோல் சொரசொரப்பாக இருக்கும். யோசனையில் இருக்கும்போது என் கட்டைவிரல் தானாக அங்கே போய் நிற்கிறது. அந்த மூலை எங்கே, எப்போது உடைந்தது என்று இன்றைக்கும் நினைவு வைத்திருப்பவர்கள் நானும் அக்காவும்தான்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. திருவண்ணாமலையில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த லேபின் சீனியர் டெக்னீஷியன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரண்டு வருட டிப்ளமோ முடித்திருந்தேன். ஒரு வருடம் எங்காவது வேலை பார்த்து எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கினால்தான் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போட முடியும். எங்கள் வீட்டு நிலைமைக்கு அந்த ஒரு காகிதம் ரொம்ப அவசியமாக இருந்தது. லேப் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு பழைய ஃபிரிட்ஜ், ஒரு மைக்ராஸ்கோப், வாசலில் ஒரு மரப் பெஞ்சு. பக்கத்தில் பூஜைச் சாமான் கடை இருந்ததால் எங்கள் ஸ்பிரிட் வாசனையோடு எப்போதும் கற்பூர வாசனையும் கலந்திருக்கும். முதலாளி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வருவார். அதுவரைக்கும் அக்கா வைத்ததுதான் சட்டம். முப்பத்தைந்து வயது, குட்டையான உருவம், கொண்டையில் செருகிய ஒரு சிவப்புப் பேனா. நாற்காலியில் உட்கார்ந்து அவரை நான் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம்.

எண்ணிவிடலாம் என்று சும்மா சொல்லவில்லை. எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் தொடங்கினேன். அக்கா எதையெல்லாம் தகிடுதத்தம் என்று சொல்கிறார் என்ற பட்டியல் அது. ஆட்டோக்காரர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏற்றும் ரேட்டு தகிடுதத்தம். எடை கூடத் தண்ணீர் தெளித்து விற்கும் கீரைக்கட்டு தகிடுதத்தம். நூறு என்று போட்டுத் தொண்ணூற்றாறு மட்டுமே இருந்த பஞ்சுருண்டைப் பாக்கெட் தகிடுதத்தம். மின்சார வாரியம் ஐந்து நிமிடம் கரண்ட் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் நிறுத்துவது தகிடுதத்தம். முதலாளி தலைக்குச் சாயம் அடிப்பதுகூட அதில் வந்தது. நாக்கு மேலும் கீழும் இரண்டு தடவை துள்ளி இறங்குகிற அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது, ஏதோ ஜதி சொல்வது மாதிரி இருக்கும். அகராதியில் தேடிப் பார்த்தேன். ஏமாற்று, புரட்டு என்கிற மாதிரி இருந்தது. ஆனால் என் பட்டியல் நீள நீள அந்த விளக்கம் போதாது என்று தோன்றியது. சில பச்சைப் பொய்களை அவர் அந்தச் சொல்லால் தொடவே இல்லை. சில உண்மைகளின்மேல் அதைப் போட்டு அறைந்தார்.

உதாரணத்துக்கு, சர்க்கரை பார்க்க வருகிறவர்கள். தேரடித் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் மாதம் ஒரு தடவை வருவார். டாக்டர் திட்டுவாரே என்று பயந்து, ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே பாகற்காயும் கேழ்வரகுக் கூழுமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். சர்க்கரை அழகாகக் குறைந்திருக்கும். ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு நேரே ஓட்டலுக்குப் போய் ஜாங்கிரி சாப்பிடுவார் என்று ஊருக்கே தெரியும்.

"என்னாண்ணே, ரெண்டு நாளா பாகற்காயா?" என்று ஒருநாள் ஊசியைப் போட்டுக்கொண்டே அக்கா கேட்டார்.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"மூஞ்சியே கசக்குதே. டாக்டரை டபாய்ச்சிருவீங்க. கால்ல புண்ணு வந்தா அதையும் கூப்புட்டு டபாய்ப்பீங்களா? தகிடுதத்தம்!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் யோசித்தேன். ரிப்போர்ட்டில் இருந்த எண் உண்மை. நாங்கள் அளந்தது உண்மை. அவர் பேசிய ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அப்படியிருந்தும் அந்தச் சொல் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அதே நாள் மதியம், ஊசியைப் பார்த்து அலறிய ஒரு குழந்தையிடம் "எறும்பு கடிக்கிற மாதிரிதான் கண்ணு, வலிக்கவே வலிக்காது" என்று அக்கா மனம் கூசாமல் சொன்னார். குழந்தை போன பிறகு, "அப்ப இது மட்டும் என்னக்கா?" என்று கேட்டேன்.

"இது பொய்யிடி. பொய் சொல்றதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். தகிடுதத்தத்துக்கு நீ ஒண்டியா இருந்தாலே போதும்."

இதை நான் டைரியில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதைத் தவிர அப்போது அதனால் எனக்கு ஒரு பயனும் ஏற்படவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒருநாள், காலையில் நான் போகும்போதே ஸ்டாண்டில் ஒரு ரத்தக் குழாய் தயாராக நிற்கும். அதில் ஒட்டிய சீட்டில் 'அலமேலு, 35' என்று இருக்கும். சர்க்கரைதான் பார்க்க வேண்டும். எந்த டாக்டர் அனுப்பினார் என்று இருக்காது, ஊர்ப் பெயர் இருக்காது, ரிப்போர்ட்டை வாங்க யாரும் வர மாட்டார்கள். அக்காவே பார்த்து, அக்காவே நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் வீட்டுப் பக்கத்தில் நடக்க முடியாத யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அலமேலுவின் சர்க்கரை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஜாஸ்தியாகிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று காட்டிவிட்டு, அங்கே எழுதிக் கொடுத்த டெஸ்ட்டுகளுக்காகச் சிலர் எங்களிடம் வருவார்கள். நான் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். மதியம் அக்கா தன் மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்ததால் என்னைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பினார். நான்கு மணிக்கு ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர். மருமகள் பெயர் சுமதி, வயது இருபத்து மூன்று, எட்டு மாதம் முடிந்திருந்தது. ஹீமோகுளோபினும் குரூப்பும் பார்க்க எழுதியிருந்தார்கள். குரூப் முன்பே வேறொரு லேபில் பார்த்திருந்தது, ஆஸ்பத்திரி கார்டில் 'ஓ பாசிட்டிவ்' என்று இருந்தது. பிரசவத்துக்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்வது ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் வழக்கம்.

குரூப் பார்க்க மூன்று மருந்து வேண்டும். ஏ என்பது நீலம், பி என்பது மஞ்சள், டி என்பது தண்ணீர்போல் நிறமில்லாதது. முதல் இரண்டும் ஏ, பி, ஏபி, ஓ என்பதைச் சொல்லும். மூன்றாவதுதான் பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லும். ஃபிரிட்ஜைத் திறந்தபோது டி பாட்டில் காலியாக இருந்தது. வேலூரிலிருந்து மறுநாள் காலை பஸ்ஸில் புதுசு வர வேண்டும். நீலமும் மஞ்சளும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ரத்தம் திரளவில்லை. ஆக, ஓ. கார்டிலும் ஓ. பாதி சரியாக இருந்தால் மீதியும் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. "நாளைக்கு வாங்க" என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. மாமியார், "பஸ்ஸு போயிருமே பாப்பா, சீக்கிரம் குடும்மா" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்த குரூப் என்ன மாறவா போகிறது? 'ஓ பாசிட்டிவ்' என்று எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது லேபில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புதுப் பாட்டில் வந்தது. அதை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அக்கா நோட்டைப் புரட்டினார். அவருடைய விரல் ஓர் இடத்தில் நின்றது.

"நேத்து நாலு மணிக்கு ஒரு குரூப் போட்டிருக்கே."

"ஆமாக்கா."

"டி கடைசிச் சொட்டு பன்னண்டு மணிக்கு நான் போட்டேன். நீ எதுல பாத்த?"

"கார்டுல இருந்துச்சுக்கா. ஓ சரியா வந்துச்சு, அதனால..." என்று தொடங்கினேன். அந்தச் சொல் வந்து விழப்போகிறது என்று காத்திருந்தேன். பஞ்சுருண்டைக்கும் கீரைக்கட்டுக்கும் தாராளமாக வந்த சொல். அக்கா அதைச் சொல்லவில்லை. பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிவரச் சொன்னார். மூன்று பாட்டிலையும் அகலமான வாய் உள்ள ஃபிளாஸ்கில் ஐஸோடு வைத்தார். டைல், குச்சி, ஊசி, ஸ்பிரிட், பஞ்சு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டார். பெஞ்சில் இருந்த இரண்டு பேரிடம் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

"நட. போய் அந்தப் பொண்ணைப் புடி. நெகட்டிவா இருந்தா?"

நெகட்டிவாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பாடத்தில் படித்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. தாய் நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால் பிரசவமான மூன்று நாளுக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் இந்தக் குழந்தை பிழைத்துக்கொள்ளும். அடுத்த குழந்தை வயிற்றிலேயே போய்விடலாம். என் சீட்டில் பாசிட்டிவ் என்று இருப்பதால் யாரும் ஊசி போட மாட்டார்கள். வருடங்கள் கழித்து ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருப்பாள். ஆட்டோவில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அக்காவோ எதுவும் நடக்காததுபோல் வழியெல்லாம் ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் கேட்ட ரேட்டு தகிடுதத்தம், அவர் சொன்ன சுற்று வழி தகிடுதத்தம், கிரிவலப் பாதையில் இளநீர் என்று விற்பதெல்லாம் தகிடுதத்தம். என்னைத் தவிர எல்லோருக்கும் அன்றைக்கு அது கிடைத்தது.

அடி அண்ணாமலையில் இறங்கி முதல் கடையில் சுமதி வீடு எது என்று கேட்டோம்.

"எந்த சுமதி? டெய்லர் ஊட்டு சுமதியா, பால்காரர் ஊட்டு சுமதியா?" என்றார் கடைக்காரர்.

"மாசமா இருக்குற பொண்ணுங்க" என்றேன்.

"ரெண்டு பேருமே மாசமாத்தான் இருக்குறாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நோட்டில் தகப்பன் பெயரோ கணவன் பெயரோ கேட்டு எழுதாததும் நான்தான். முதலில் போன வீட்டில் இருந்த சுமதிக்கு நான்கு மாதம். அவள் எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுக்கப் பார்த்தாள். இரண்டாவது வீட்டில் மாமனார் மட்டும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். "தாய் ஊட்டுக்குக் கெளம்பிட்டாங்களே. இப்பத்தான் பஸ்ஸுக்குப் போனாங்க. பிரசவம் அங்கதான்" என்றார். அந்தத் தாய் வீடு செங்கத்தைத் தாண்டி, நாங்கள் தேடிப் போக முடியாத ஏதோ ஓர் ஊர். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் அக்கா ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு, "பாத்துடீ, ஐஸு கொட்டுது" என்று கத்திக்கொண்டே வந்தார்.

அவர்கள் புளிய மரத்தடியில் நின்றிருந்தார்கள். சுமதியின் காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி. தூரத்தில் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க நான் விஷயத்தைச் சொல்வதற்குள் அக்கா ஓடை மதகின் சுவர்மேல் பையைக் கவிழ்த்துக் கடை பரப்பிவிட்டார். டைலை நான் எடுத்து வைத்த வேகத்தில் அது சுவரில் மோதி மூலை தெறித்தது. "அது கெடக்குது. குழி நல்லாத்தானே இருக்கு? போடு" என்றார் அக்கா. சுமதியின் விரலைத் துடைத்துக் குத்தினேன். நீலம் ஒரு சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு, டி ஒரு சொட்டு. பஸ் வந்து நின்றுவிட்டது. இறங்கியவர்கள் யாரும் போகவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவும் ஆடுகளோடு வந்து நின்றார்.

"என்னாம்மா, மதகு மேல ஆஸ்பத்திரி தொறந்துட்டீங்களா?" என்று கண்டக்டர் படியில் நின்று கேட்டார்.

"ரெண்டே நிமிஷம் சார்" என்றார் அக்கா.

"கிளி எடுத்துக் குடுக்கற சீட்டா அது? எனக்கும் பாத்துச் சொல்லு, எப்ப டிரைவர் ஆவேன்னு."

"நீ விசில் அடிச்சேன்னா எப்பவுமே ஆவ மாட்டே" என்று அக்கா திரும்பாமலே சொன்னார். பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு.

நான் டைலை ஆட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அதற்கு முன்னாலும் எனக்குத் தெரியாது, அதற்குப் பின்னாலும் அந்த அளவுக்கு நீண்டதில்லை. நீலக் குழி வழவழவென்று ஒரே சீராக இருந்தது. மஞ்சள் குழியும் அப்படியே. மூன்றாவது குழியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஓரத்தில் மணல் மணலாக ஏதோ தட்டுப்பட்டது. பிறகு திரிந்த பால்போல் ரத்தம் திட்டுத்திட்டாகப் பிரிந்து நின்றது. ஓ பாசிட்டிவ். நான் எழுதிக் கொடுத்ததேதான். மதகுச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இதைத்தான நேத்தே குடுத்தீங்க? இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றாள் சுமதி.

மாமியார் அவ்வளவு எளிதில் விடுகிறவராக இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பன்னா நேத்து பாக்கலியா நீ?"

அக்கா டைலைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது தடவை பார்ப்பது எங்கள் லேபின் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். மருந்து புதிதாக வந்தது, சரிபார்க்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் வாய் வரைக்கும் வந்தன. கண்டக்டரும் ஆட்டுக்கார அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாக்கலைங்க. மருந்து தீந்துபோச்சு. கார்டைப் பாத்து எழுதிட்டேன்."

"நல்லா இருக்குதே உங்க நாயம்! பாக்காமயே சீலு குத்தினியா? எம் மருமவ உசுரு உனக்கு கார்டுல இருக்குதா?" என்று பிடித்துக்கொண்டார். பஸ் ஹாரன் அடித்தது. ஏறிக்கொண்டே திட்டினார், ஏறிய பிறகு ஜன்னல் வழியாகவும் திட்டினார். பஸ் நகரும்போது என்ன தோன்றியதோ, மடியிலிருந்து ஒரு கை வேகவைத்த மல்லாட்டையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "வேர்த்து நிக்கிறீங்க, துண்ணுங்க" என்றார். அக்கா ஓடிப்போய் முந்தானையில் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு மல்லாட்டையைத் தின்றபடி கொஞ்ச தூரம் நடந்தோம். எனக்கு உடம்பே லேசாகிவிட்டிருந்தது. "நல்லவேளைக்கா, சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"அதான்டி தகிடுதத்தம்" என்றார் அக்கா.

நான் நின்றுவிட்டேன்.

"தப்பா இருந்திருந்தா தப்புனு போயிருக்கும். திருத்திட்டு, அழுதுட்டு, ஜென்மத்துக்கும் பண்ண மாட்டே. சரியா இருக்கு பாரு, அதான் ஆபத்து. நான் நோட்டைப் பாக்கலைன்னா அடுத்த செவ்வாக்கெழமையும் பண்ணியிருப்பே. அதுவும் சரியா இருந்திருக்கும்." ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "காலையில சொல்லியிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்காது. திட்டுனேன்னு நெனச்சிருப்பே" என்றார்.

எத்தனை பக்கம் பட்டியல் போட்டும் எனக்குப் பிடிபடாத பொருள் அன்றைக்குப் பிடிபட்டது. பொய் என்பது சொன்ன விஷயத்தைப் பற்றியது. தகிடுதத்தம் என்பது அந்த விஷயத்துக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றியது. பாகற்காய்க்காரருடைய எண்ணும் சரி, என் ஓ பாசிட்டிவும் சரி. இருவரும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பார்த்ததுபோல் காட்டியிருந்தோம்.

லேபுக்கு வந்ததும் அக்கா கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவிக் கொடுத்தார். நோட்டில் சுமதியின் வரிக்குக் கீழே, 'டி மருந்து இல்லாமல் கார்டைப் பார்த்து எழுதப்பட்டது. மறுநாள் நேரில் சென்று பார்த்ததில் பாசிட்டிவ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி அதைப் பார்த்தால் என்னை அன்றைக்கே அனுப்பிவிடலாம். பத்து மாத வேலையும் அந்தச் சர்டிஃபிகேட்டும் அந்தச் சிவப்பு வரியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆறு மணிக்கு வந்தார், பார்த்தார். அவருடைய கோபம் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

"பண்ணதைப் பண்ணிட்டு அதை எதுக்கும்மா எழுதி வெச்சீங்க? நாளைக்கு யாராவது பாத்தா லேபு பேரு என்ன ஆவுறது?"

"வேணாம்னா அடிச்சிடுங்க சார்" என்று அக்கா பேனாவை அவரிடம் நீட்டினார். "நாங்க அடிக்க மாட்டோம். நீங்களே அடிங்க."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றினார். வரியை இன்னொரு தடவை படித்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார். "மருந்து இல்லைனா ஒரு போர்டு மாட்டித் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாளே மருந்துப் பெட்டி அட்டையில் 'இன்று ரத்த குரூப் பார்க்க இயலாது' என்று எழுதி நூல் கட்டினேன். நான் அங்கே இருந்த மீதிக் காலத்தில் மூன்று நான்கு நாளாவது அது வாசலில் தொங்கியது. அந்த நாட்களில் கொஞ்சம் பேர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து முதலாளி சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். சுமதிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியை அந்த மாமியாரே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "இந்தக் கொழந்தைக்கும் குரூப்பு பாரு. பாத்து எழுது" என்றார்.

அதன்பிறகு நான் வேலூர், சென்னை என்று சில வருடங்கள் சுற்றினேன். இப்போது ரமணாசிரமம் பக்கம் ஒரு தோழியோடு சேர்ந்து சிறிய லேப் நடத்துகிறேன். முதலாளி பழைய லேபை மூடியபோது எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். டைலை மட்டும் எடுத்து வந்தேன். சர்க்கரைக்கு இப்போது புது டெஸ்ட் வந்துவிட்டது. கடந்த மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லிவிடும். இரண்டு நாள் பாகற்காய் அதனிடம் செல்லாது.

போன மாதம் ஒரு காலை, அக்கா அந்த டெஸ்ட்டுக்காகவே வந்தார். கொண்டையில் நரை, அதே சிவப்புப் பேனா. நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் இப்படி உடனே உட்கார்ந்தது எனக்கு என்னவோபோல் இருந்தது. ரத்தம் எடுத்துவிட்டு, சீட்டு எழுதப் பேனாவை எடுத்தேன். எத்தனையோ வருடம் கழித்து, அப்போதுதான், வேறு எங்கும் இல்லாமல் என் கையிலேயே அது விளங்கியது. மாதத்துக்கு ஒரு குழாய். முப்பத்தைந்து வயது. வாங்க ஆள் வராத ரிப்போர்ட்.

"பேர் என்னக்கா எழுதட்டும்? அலமேலுவா?"

அக்கா உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதலாளிக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிருவாரோனு பயம்டி. ஊட்லயும் சொல்லல. என்னமோ, பேரை மாத்தி எழுதுனா அந்தச் சக்கரை அவளோடதுனு ஆயிட்ட மாதிரி. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் பண்ணுனது தகிடுதத்தம்தான். எழுது, என் பேரையே எழுது."

எழுதினேன். மறுநாள் ரிசல்ட் வந்தது. நான் பயந்த அளவுக்கு இல்லை, மாத்திரையிலேயே அடக்கிவிடலாம் என்கிற எண்தான். அதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுப் பெருமூச்சு விட்டார். நானும்தான். சீட்டை மடித்து வைத்துக்கொண்டவர் மேசைமேல் இருந்த டைலைப் பார்த்துவிட்டார். எடுத்து உடைந்த மூலையைத் தடவினார்.

"இன்னும் தூக்கிப் போடலியா இதை? சரி, என் குரூப்பையும் அந்தச் சீட்டுல போட்டுக் குடு."

"பி பாசிட்டிவ்தானேக்கா. எனக்குத் தெரியுமே" என்று பேனாவை எடுத்தேன்.

"தெரியும்னா? பாத்தியா?"

நான் பேனாவை வைத்தேன். டைலைக் கழுவித் துடைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்து நீலம், மஞ்சள், நிறமில்லாதது மூன்றையும் எடுத்து ஒவ்வொரு சொட்டு விட்டேன். அக்கா விரலை நீட்டினார். இருவருக்கும் விடை தெரியும். இருந்தும் உடைந்த மூலையில் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே ஆட்டோ ஹாரன்கள் கேட்கக் கேட்க, டைலை மெதுவாக ஆட்டினேன். இரண்டு பேரும் குனிந்து, மஞ்சள் குழியின் ஓரத்தில் முதல் மணல் திரள்வதற்காகக் காத்திருந்தோம்.